சேலைக்கும் ஷீட்டுக்கும் ஒரே பூஞ்சை

ரப்பர் ஷீட்டில் பூஞ்சை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வணிகர்கள் பச்சைப் புத்தகம் என்று சொல்லும் உலகத் தர நூலில் அது அச்சாகியிருக்கிறது. புகையூட்டிய ஷீட்டில் முதல் தரம் என்றால், சிப்பத்தின் மேலுறையில் காய்ந்த பூஞ்சையின் மிக மெல்லிய தடம் இருக்கலாம்; உள்ளே இறங்கியிருக்கக் கூடாது. இரண்டாம் தரத்தில், சோதித்த சிப்பங்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் பூஞ்சை தெரியக் கூடாது. மூன்றாம் தரத்துக்கு 10, நான்காவதுக்கு 20, ஐந்தாவதுக்கு 30. தரம் இறங்கினால் விலையும் இறங்கும். நெகிரி செம்பிலானின் லிங்கியிலும் லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் கொழித்த காலத்தில், பூஞ்சை என்பது நேராக வருமானத்தில் கைவைக்கும் சமாச்சாரம்.

அந்தத் தோட்டங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சிரம்பான், நீலாய், செண்டாயான் பக்கம் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். பலருடைய வீடு நிற்கும் நிலமே ஒரு காலத்தில் பால்மரமோ செம்பனையோ நின்ற நிலம்தான். படுக்கையறையில் சுவரோடு சுவராக அலமாரி. தீபாவளிக்கு முந்தின வாரம் அதைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்தால், மடிப்பு ஓரத்தில் சாம்பல் நிறப் பொடி. அடுத்த தட்டில் தோல் பெல்ட்டு முழுக்கப் பச்சை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாடையை இங்கே யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை.

“அக்கா, அலமாரியத் தொறந்தாலே ஒரு மாதிரி நாறுது. என்னா பண்றது?” என்று கேட்டால், பக்கத்து வீட்டு அக்காவிடம் பதில் தயாராக இருக்கும்: “அந்துருண்டை வாங்கிப் போடும்மா.”

அக்கா சொல்வதில் பாதிதான் பயன். அந்துருண்டை பூச்சியை விரட்டும். துணியரிக்கும் பூச்சிக்காகவே வந்த பொருள் அது. பூஞ்சையை அது தடுக்காது. தன் வாடையால் பூஞ்சை வாடையை மூடிவிடுவதால், உள்ளே நடப்பது இன்னும் சில மாதம் தெரியாமல் போகும். அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு மேலும் ஒரு வில்லங்கம் உண்டு. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்ப்பது வழக்கம். குறைபாடு உள்ள குழந்தையின் துணியை நாப்தலின் உருண்டையோடு வைத்தால், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் தவிர்க்க வேண்டியவை பட்டியலில் அந்துருண்டை தவறாமல் இருக்கும்.

சரி, பூஞ்சைக்கு என்னதான் வேண்டும்? வித்து காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கிறது. அதை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. சாப்பாடும் பஞ்சமில்லை. பலகை, காகிதம், துணியில் ஒட்டிய வியர்வை, தோல்துகள், கஞ்சி எல்லாமே அதற்கு விருந்து. நம் ஊர்ச் சூடு அதற்கு ரொம்பப் பிடித்த சூடு. கட்டுப்படுத்த முடிந்த ஒரே விஷயம் ஈரம்தான். ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பெரும்பாலான பூஞ்சைகள் முளைத்துவிடும். அஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்தில் சில, 75-க்கும் கீழேயே பிழைத்துக்கொள்ளும். அலமாரிக்குள் முதலில் வந்து உட்காருவது அநேகமாக அந்த வகைதான்.

மலேசியாவில் மாதச் சராசரி ஈரப்பதம் 70-இலிருந்து 90 விழுக்காடு வரை. ஆக, பூஞ்சைக்கு வாசல் ஆண்டு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மழை குறைந்த இடத்துக்குப் போனால் தப்பிக்கலாமா? நெகிரி செம்பிலானிலேயே ஜெலுபு இருக்கிறது. மலைகளின் மழைமறைவில் கிடப்பதால், தீபகற்பத்தில் மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் பெயர் வாங்கிய ஊர். அங்கேயும் அலமாரியில் பூஞ்சை வரும். எவ்வளவு மழை பெய்தது என்பது வேறு, காற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது வேறு. போர்ட்டிக்சன் பக்கம் கடற்காற்றில் வரும் உப்பு இன்னொரு தொல்லை. காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். வியர்வையில் இருப்பதும் அதே உப்புத்தான். ஒரே ஒரு தடவை உடுத்தி, “ஒரு மணி நேரம்தானே கட்டினேன்” என்று துவைக்காமல் மடித்து வைத்த சேலை, அலமாரிக்குள் தனக்கென்று ஈரம் சேர்த்துக்கொள்ளும்.

இந்த ஈரத்தை எப்படி வெல்வது என்று தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கென்றே ஒரு கட்டடம் வைத்திருந்தார்கள்.

பால் ஸ்டோருக்கு வந்த பாலைத் தண்ணீர் கலந்து நீர்க்கவிட்டு, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளைகளுக்கு இடையே கொடுத்து மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஷீட்டாக்குவார்கள். கடைசி உருளையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அந்த வரிகள் அழகுக்காக வந்தவை இல்லை. பரப்பு கூடினால் சீக்கிரம் காயும்; இரண்டு ஷீட் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் அப்பிக்கொள்ளாமல் நடுவே காற்றுக்கு இடம் இருக்கும். பிறகு கழிகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, நீர் சொட்டி முடிந்ததும் ஸ்மோக் ஹவுஸுக்குள் தள்ளுவார்கள். பால்மர விறகு அடியில் எரியும். முதல் நாள் இளஞ்சூடு, பிறகு படிப்படியாக ஏற்றி 60 டிகிரி வரை. நாலைந்து நாளில் ஷீட் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி வெளியே வரும். புகையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் ஷீட்டின் மேல் படிந்து பூஞ்சையைத் தடுக்கும். அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டியபோது பாரா நைட்ரோ ஃபீனால் கரைசலில் முக்கி எடுக்கும் முறையும் இருந்தது. 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வேலைகளில் இந்த மாதிரிச் சங்கதிகளுக்கு நல்ல இடம் உண்டு.

ஆனால் புகை பாதிக் கதைதான். மீதிக் கதை வெறும் சூடு. 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் நம் ஊர்க் காற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமல் அதே காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே விழுந்துவிடும். காற்று சூடாக ஆக அதற்குத் தாகம் கூடுகிறது. திருப்பிப் போட்டால் நம் அலமாரியின் கதை வந்துவிடும்: அதே காற்றை 26 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரை குளிர்வித்தால் போதும், ஈரப்பதம் 100-ஐத் தொட்டு, தொடும் இடத்தில் வியர்க்கத் தொடங்கும்.

இப்போது ஏர்கோனை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க 18 டிகிரியில் ஓடுகிறது. சுவர், அலமாரிப் பலகை, உள்ளே அடுக்கிய துணி எல்லாம் சில்லென்று ஆகிவிடுகின்றன. காலையில் ஏர்கோனை நிறுத்தி, “கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்” என்று சன்னலைத் திறக்கிறார்கள். வெளியே விடிகாலைக் காற்று, நாளின் ஈரம் மிகுந்த காற்று. அது உள்ளே வந்து குளிர்ந்த துணியின்மேல் படிகிறது. கண்ணாடியில் படிந்தால் கண்ணுக்குத் தெரியும். சேலையில் படிந்தால் தெரியாது, ஊறிவிடும். நல்லெண்ணத்தோடு சன்னலைத் திறந்த கையே பூஞ்சைக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு நேரம் ஏன் இருட்டோடு வைக்கப்பட்டது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். குளிர்ந்த, ஈரம் நிறைந்த விடியலில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் நிற்கும். அலமாரிக்கு இதை அப்படியே தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாலுக்கு நல்ல நேரம் துணிக்கு ஆகாத நேரம். வெயில் நாளில் காலை 11 மணிக்கு மேல் பிற்பகல் நான்கு வரை, வெளியே 33 டிகிரி வந்து ஈரப்பதம் அறுபதுகளுக்கு இறங்கும் நேரத்தில், அலமாரிக் கதவையும் சன்னலையும் சேர்த்துத் திறந்து, ஒரு மேசை விசிறியை உள்நோக்கித் திருப்பி வைக்கலாம். மழை இருட்டினால் மூடிவிட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் திறப்பதில் லாபம் இல்லை.

தோட்டத்துப் பழைய லயத்து வீட்டில் இந்தக் கவலையெல்லாம் இருந்ததா என்று கேட்டால், பெரியவர்கள் யோசித்துவிட்டு இல்லை என்பார்கள். அதற்காக அந்த வீடுகளைக் கொண்டாடத் தேவையில்லை. நெரிசல், ஒழுகும் தகரக் கூரை, கரையான், பொதுக் குழாய். அதில் வாழ்ந்தவர்கள் எவரும் திரும்பிப் போக ஏங்கவில்லை. ஆனாலும் பலகைச் சுவருக்கு இடுக்கு உண்டு. சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் கை நுழையும் இடைவெளி உண்டு. பகலில் தகரம் கொதித்தால் வீட்டுக்குள் இருக்கும் காற்றும் சூடாகி, காய்ந்து, மேல்வழியாக வெளியே போகும். துணி கொடியில் தொங்கியது. நல்ல துணி மட்டும் இரும்புப் பெட்டிக்குள். மொத்தத் துணியே கொஞ்சம்தான், அடைத்துவைக்க ஒன்றும் இல்லை. சுவருக்கு அடித்த சுண்ணாம்புக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச் சுண்ணாம்பின் காரம் கடுமையானது, பூஞ்சை அதன்மேல் காலூன்றச் சிரமப்படும்.

இதே மாநிலத்து மலாய் வீடுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். கோலப்பிலா பக்கம் ஸ்ரீ மெனாந்தியில் 1908-இல் கட்டி முடித்த பழைய அரண்மனை, ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தோடு பொருத்தி 99 தூண்களின் மேல் எழுப்பியது. தரையிலிருந்து தூக்கி நிறுத்திய வீடு, அடியிலும் காற்று, பக்கத்திலும் காற்று. ராஜா வீடானாலும் கம்பத்து வீடானாலும் அங்கே ஆசாரிகளுக்குத் தெரிந்திருந்த விதி அதுதான்.

தாமான் வீட்டைக் கட்டுபவர்களுக்கும் விதி இருக்கிறது. 1984-இன் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களில் 39-ஆவது பிரிவு, வசிக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது சன்னல் வேண்டும் என்கிறது. 5 விழுக்காடாவது தடையில்லாமல் காற்று போகும் திறப்பாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய தாமான் வீடுகளில் சன்னலுக்கு மேலே ஓட்டைக் கற்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏர்கோன் மாட்டிய மறுநாள் அதில் அட்டையை வைத்து டேப் ஒட்டிவிடுகிறோம். குளிர் வெளியே போகக் கூடாதே! ஏர்கோன் ஓடும் எட்டு மணி நேரத்துக்கு அது சரி. மீதி 16 மணி நேரத்துக்கு அந்த அறை ஒரு மூடிய டப்பா. ஓட்டைக் கல்லை நிரந்தரமாக அடைப்பதைவிட, திறந்து மூடுகிற மாதிரிச் சிறு பலகை பொருத்தலாம். தச்சருக்கு அரை நாள் வேலை. புகைமூட்டக் காலத்தில் எல்லாவற்றையும் மூடித்தான் ஆக வேண்டும். 2015-லும் 2019-லும் வாரக்கணக்கில் அப்படித்தான் இருந்தோம். அந்த மாதிரி நாட்களில் ஏர்கோனை 25 டிகிரியில் வைத்து, உலர்த்தும் முறையில் சில மணி நேரம் ஓடவிடுவது அறைக்கும் அலமாரிக்கும் நல்லது.

அடுத்த குற்றவாளி அலமாரியேதான். கடையில் மலிவாகக் கிடைப்பது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. முன்பக்கம் வழுவழுப்பான மேல்தோல், பின்பக்கம் மெல்லிய அட்டைப் பலகை, அதற்கு வண்ணமும் இல்லை மூடியும் இல்லை. அந்தப் பின்பக்கத்தைத்தான் வெளிச்சுவரில் ஒட்டி வைக்கிறோம். தாமான் வீட்டு வெளிச்சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் கனம். கடைசி வீடானால் பக்கச் சுவரில் மழை நேராக அறையும். பூச்சில் முடி அளவு விரிசல் இருந்தாலே உள்பக்கம் குளிர்ந்து நனையும். இல்லையென்றால் அலமாரிக்குப் பின்னால் குளியலறை இருக்கும். ஓடுகளின் இடுக்குப் பூச்சு தேய்ந்துபோனால், ஒவ்வொரு குளியலிலும் சுவர் கொஞ்சம் குடிக்கும். அலமாரியில் பூஞ்சை எங்கே முதலில் வருகிறது என்று கவனித்தாலே ஓரளவு நோய் பிடிபட்டுவிடும். பின்பலகையின் கீழ்மூலை என்றால் சுவர். எல்லாத் துணியிலும் பரவலாக மெல்லிய பொடி என்றால் காற்று. ஒரே தட்டில் மட்டும் என்றால் அந்தத் தட்டில் யாரோ அரைகுறையாய்க் காய்ந்த துணியை வைத்திருக்கிறார்கள்.

சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது அலமாரியைத் தள்ளி வைப்பது, வெளிச்சுவரை விட்டு உள்சுவருக்கு மாற்றுவது, கதவில் மேலும் கீழும் துளை போடுவது: இந்த மூன்றும் கடையில் விற்கும் எந்த மருந்தைவிடவும் அதிகம் சாதிக்கும். துணியைத் திணிக்காமல் தொங்கவிடுவது நான்காவது. ஷீட்டைக் கழியில் தனித்தனியாகத் தொங்கவிட்டவர்களுக்கு அதை நாம் சொல்லித்தரவா வேண்டும்?

வந்துவிட்ட பூஞ்சையைத் துடைக்கும்போது செய்யக் கூடாத முதல் காரியம், காய்ந்த துணியால் தட்டுவது. ஒரு தட்டுக்கு லட்சக்கணக்கில் வித்து பறந்து கட்டில் மெத்தையில் உட்காரும். கோவிட் காலத்து என்95 கவசம் மிச்சம் இருந்தால் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, அறைக்கதவை மூடி, சன்னலைத் திறந்து, துணிகளைப் பைக்குள் போட்டு வெளியே எடுத்துச் சென்று உதற வேண்டும். பலகையைச் சோப்புத்தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் குப்பையில் போட்டு, பலகை முழுக்கக் காயும் வரை விசிறி. மூன்றடிக்கு மூன்றடி பரப்புக்குள் இருந்தால் வீட்டாரே செய்யலாம், அதற்கு மேல் போனால் ஆள் வைப்பது நல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் வழிகாட்டல்.

“குளோரோக்ஸ் ஊத்தினா வெள்ளையாயிடுமே?” ஆகும். நிறம் போய்விடும். ஓடு, கண்ணாடி மாதிரி நீர் இறங்காத பரப்பில் அது வேலையும் செய்யும். அழுத்துப் பலகையில் மருந்து மேலோடு நின்றுவிட, அதில் கலந்த தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கி மிச்சமிருக்கும் வேருக்குக் குடிக்கக் கொடுக்கும். அதே அமெரிக்க அமைப்பு, பூஞ்சைக்கு பிளீச்சை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை. இன்னொன்று முக்கியம்: பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த கழுவியையோ சேர்க்கவே கூடாது. மூடிய அறையில் அந்த வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும். இரண்டும் நல்ல மருந்து, சேர்த்தால் இன்னும் நல்லது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம். பலகை ஊதிப்போய், அழுத்தினால் அமுங்குகிறது என்றால் துடைத்துப் பயனில்லை, அந்தப் பலகையைக் கழற்றி எறிய வேண்டியதுதான்.

பட்டுச்சேலைக்கு பிளீச் பக்கமே போகக் கூடாது. பட்டும் கம்பளியும் புரதம். குளோரின் பிளீச் அதைக் கரைத்துவிடும், கறையோடு சேலையும் போகும். நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, பொடி நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் ஒரே திசையில் தள்ளி எடுத்து, உலர்சலவைக்குக் கொடுக்கும்போது பூஞ்சை என்று சொல்லிக் கொடுப்பது நல்லது. கஞ்சி போட்ட பருத்திச் சேலைகளைக் கஞ்சியோடு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. மாவுச்சத்துதான் பூஞ்சைக்கு முதல் சோறு. உடுத்தப்போகும் வாரத்தில் கஞ்சி போட்டால் போதும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடுவதும் ஆகாது, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழி இல்லாமல் போகும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்த பாட்டிமார்களின் வழி இன்னமும் சரியான வழி.

கடைகளில் தொங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். சில வாரத்தில் டப்பா நிறைய தண்ணீர் சேர்ந்ததைப் பார்க்கும்போது வேலை நடந்த திருப்தி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலடி அகலம், இரண்டடி ஆழம், ஆறரை அடி உயர அலமாரியில் இருக்கும் காற்றில் மொத்தமாகவே 35 கிராம் நீராவிதான் இருக்கும். ஆனால் அங்கே 20 கிலோ பருத்தித் துணி இருந்தால், 80 விழுக்காடு ஈரத்தில் அந்தத் துணி தனக்குள் இரண்டு லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது. காற்றின் ஈரத்தை 60-க்கு இறக்கினால் துணி சுமார் அரை லிட்டரை வெளியே விடும். டப்பா முதலில் குடிப்பது அதைத்தான். கதவு சரியாக மூடாத அலமாரியில் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும், டப்பா நிறைந்துகொண்டே இருக்கும், துணி அப்படியே இருக்கும். இறுக்கமாக மூடும் சிறு பெட்டிக்கு அது பொருத்தம். கவிழ்ந்தால் தோலையும் துணியையும் கெடுத்துவிடும் என்பதால் தரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

கம்ப்ரஸர் வைத்த ஈரநீக்கி மின்கருவி வேறு சாதி. மூடிய அறையில் ஒரு நாளைக்குப் பல லிட்டர் எடுத்துவிடும். எதை வாங்குவதற்கும் முன்னால் இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் சிறு ஈரமானி ஒன்றை வாங்கி அலமாரிக்குள் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சமாகும். எண் 60-ஐ ஒட்டி நின்றால் நிம்மதி. 75-க்கு மேலேயே நிற்கிறதென்றால் காற்றைக் கவனிக்க வேண்டும். அறையில் 65, அலமாரிக்குள் மட்டும் 85 என்றால் சுவரைக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் சேலையைக் காப்பாற்றும் கவலை மட்டுமில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் தொல்லையும் கூடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோச்டேலில் பூஞ்சை பிடித்த வாடகை வீட்டில் வசித்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். பெற்றோர் பலமுறை முறையிட்டும் வீட்டுச் சங்கம் சரிசெய்யவில்லை. பூஞ்சைதான் காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அவன் பெயரில் அங்கே சட்டமே வந்தது. கறுப்பாக எதைக் கண்டாலும் உயிர்க்கொல்லி என்று பதற வேண்டியதில்லைதான். ஆனால் படுக்கையறை என்பது குழந்தை எட்டு பத்து மணி நேரம் மூச்சு விடும் இடம். தினமும் காலையில் தும்மலும் இழுப்பும் இருந்தால், மருத்துவரிடம் அலமாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தோட்டத்திலேயே தங்குபவர்களுக்கும் அலமாரி உண்டு. அங்கே இன்று செம்பனை வெட்டுபவர்களில் பெரும்பகுதி இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். தொழிலாளர் வீட்டுவசதிக்கான 446-ஆம் சட்டம் 1990-இல் வந்தது. பின்னாளில் அது திருத்தப்பட்டு, தொழிலாளர் தங்குமிடங்களுக்கு 2020-இல் வந்த விதிகளில் ஆளுக்கொரு பூட்டு போட்ட அலமாரி கட்டாயம் என்று இருக்கிறது. அளவும் கொடுத்திருக்கிறார்கள்: 35 சென்டிமீட்டர் அகலம், 35 ஆழம், 90 உயரம். கடவுச்சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஒரு நல்ல சட்டை எல்லாம் அதற்குள்தான். அளவு சொன்ன விதி அந்தப் பெட்டிக்குத் துளை வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கடவுச்சீட்டு, ரசீது என்றதும் பத்திரங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பிறப்புப் பத்திரம், பெரியவர்களின் பழைய அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கடிதம் எல்லாமே அலமாரியின் அடி இழுப்பறையில், பிளாஸ்டிக் பைக்குள் பை என்று சுற்றிக் கிடக்கும். குடியுரிமைக்காகவும் அடையாள அட்டைக்காகவும் தோட்டத்துக் குடும்பங்கள் எவ்வளவு அலைந்திருக்கின்றன என்று தெரிந்தவர்கள், அந்தக் காகிதத்தின் மதிப்பை அறிவார்கள். வீட்டிலேயே ஈரம் மிகுந்த இடம் அந்த அடி இழுப்பறைதான். மேல்தட்டுக்கு மாற்றி, காகித உறையில் வைத்து, அந்த உறைகளை மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் போடலாம். ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் துடைக்கக் கூடாது, மை கலையும். முதலில் கைப்பேசியில் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு, நிழலில் வெள்ளைத்தாளின் மேல் விரித்துக் காயவிட வேண்டும். லேமினேட் செய்துவிட்டால் பத்திரமாக இருக்கும் என்று கடைக்கு எடுத்துப் போகிறார்கள். ஈரமும் வித்தும் உள்ளேயே சிறைப்பட்டுவிடும், பிறகு காகிதத்தைப் பிய்க்காமல் அந்த பிளாஸ்டிக்கை உரிக்க முடியாது. எழுத்து அழிந்துவிட்டால் சிரம்பான் பதிவு இலாகா முகப்பில் சான்றளித்த நகலுக்கு மனு செய்யலாம். அதற்கும் பழைய பத்திரத்தின் எண் கேட்பார்கள், அந்தப் படம் அப்போது உதவும்.